ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே

(மதுரையில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)



நம்ம ஊரில் டிவியில் ஓடுகிற படம் தடுமாறினால் முதல் பழி நெட் மேல் விழும். அடுத்த பழி கேபிள்காரர் மேல். "அண்ணே, படம் நிக்குதுண்ணே, என்னன்னு வந்து பாருங்க" என்று போன் போகும். அவரும் வருவார். ரூட்டரை அணைத்துப் போடுவார், தன் போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுவார். 98 என்று காட்டும். "நெட் நல்லாத்தானே வருது சார்" என்பார். வீட்டுக்காரர் டிவியைக் காட்டுவார், அவர் போனைக் காட்டுவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். கடைசியில் 100 எம்பிபிஎஸ் பிளான் 200 ஆகும், மாதக் கட்டணம் கூடும், படம் பழையபடியே தடுமாறும்.

அந்தக் கூடுதல் கட்டணம் பெரும்பாலும் தண்டம் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் கணக்கு இருக்கிறது: 1080 ரகப் படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும், 4கே படத்துக்கு 15 போதும். வீட்டில் இரண்டு டிவியில் 4கே ஓடட்டும், பிள்ளைகள் ஆளுக்கொரு போனில் ரீல்ஸ் பார்க்கட்டும், அப்போதும் ஐம்பதைத் தொடாது. அப்படியானால் நூறு இருக்கிற வீட்டில் படம் ஏன் தடுமாறுகிறது?

ஒரே பெயர் சொல்லி நாம் திட்டுவது மூன்று வெவ்வேறு கோளாறுகளை. ஒன்றில் படம் அப்படியே நின்றுவிடும், நடுவில் வட்டம் சுற்றும், சத்தமும் நிற்கும். கொஞ்ச நேரத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரும். இது நெட் வரத்தில் உள்ள குறை. இன்னொன்றில் சத்தம் தடையில்லாமல் வரும், படம் மட்டும் தாவித் தாவிப் போகும், பேசுகிறவர் உதடு பேச்சோடு ஒட்டாது, ரிமோட்டை அழுத்தினால்கூட மூன்று நொடி கழித்துத்தான் கேட்கும். இது பெட்டியின் திணறல். மூன்றாவதில் எதுவும் நிற்காது, எதுவும் விடுபடாது, சத்தமும் சரியாக இருக்கும். ஆனால் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போதும், செய்திச் சேனலின் அடியில் எழுத்துகள் ஓடும்போதும் ஒரு சின்ன வெட்டு, மறுபடி ஒரு வெட்டு என்று சீரான இடைவெளியில் உதறிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்களுக்கு என்னவென்று சொல்லத் தெரியாது. "என்னமோ சரியில்ல, கண்ணு வலிக்குது" என்பார்கள். இந்த மூன்றாவதில் கம்பிக்கும் பங்கில்லை, பெட்டியும் பழுதாகவில்லை. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் நான் கொஞ்சம் நீட்டிப் பேசப்போகிறேன்.

அதற்கு முன்னால், மூன்றையும் பிரித்துப் பார்க்க உங்கள் வீட்டிலேயே கருவி இருக்கிறது. யூடியூபில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, அமைப்புகளுக்குள் போனால் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அழுத்தினால் திரையின் ஓரத்தில் எண்களாக வந்து நிற்கும். அதில் இரண்டு வரிகளைப் பார்த்தால் போதும். 'பஃபர் ஹெல்த்' என்பது இன்னும் எத்தனை நொடிப் படம் கையிருப்பில் இருக்கிறது என்று சொல்லும். அது குறைந்துகொண்டே போய்ப் பூஜ்யத்தைத் தொட்டால் வரத்தில் குறை. 'டிராப்டு ஃபிரேம்ஸ்' என்பது பெட்டி காட்ட முடியாமல் கைவிட்ட படங்களின் எண்ணிக்கை. அது ஏறிக்கொண்டே போனால் பெட்டி திணறுகிறது. கையிருப்பும் நிறைய இருக்கிறது, கைவிட்டதும் ஒன்றுமில்லை, ஆனாலும் எழுத்து உதறுகிறது என்றால் அது மூன்றாவது வகை. கேபிள்காரர் வாசலுக்கு வரும் முன்பே இதைப் பார்த்துவைத்தால் அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

மூன்றாவது வகையின் கதை சினிமாக் கொட்டகையில் தொடங்குகிறது. இந்த ஊரில் அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரை இங்கே உள்ள பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே நேரத்தில் 2,500 பேருக்கு மேல் உட்காரலாம், ஆசியாவிலேயே பெரிய கொட்டகை என்று மதுரைக்காரர்கள் மார்தட்டிக்கொண்ட இடம். அங்கே படச்சுருள் புரொஜக்டருக்குள் ஓடியது என்று சொல்கிறோம். உண்மையில் அது ஓடவில்லை. நின்று நின்று போனது. மால்டீஸ் கிராஸ் என்கிற சிலுவை வடிவச் சக்கரம் ஒரு படத்தை விளக்கின் முன் இழுத்து நிறுத்தும். பிறகு அடுத்ததை இழுக்கும். இழுக்கிற நேரத்தில் ஷட்டர் குறுக்கே வந்து வெளிச்சத்தை மறைக்கும். இப்படி நொடிக்கு 24 படம். பேசும்படம் வந்த 1920களின் கடைசியில் ஒலிக்காக உறுதிசெய்த எண் அது. நொடிக்கு 24 முறை மட்டும் இருட்டினால் கண் கூசும் என்பதால், நின்றிருக்கும் படத்தையே இன்னொரு முறை மறைத்துத் திறப்பார்கள், ஆக 48 மின்னல். அதாவது திரை ஏறத்தாழ பாதி நேரம் இருட்டாகவே இருந்தது. இரண்டரை மணி நேரப் படத்துக்கு டிக்கெட் எடுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் இருட்டைப் பார்த்துவிட்டுக் கைதட்டிவிட்டு வந்திருக்கிறோம்.

அங்கே யாரும் படம் உதறுகிறது என்று சீட்டைக் கிழிக்கவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு படமும் துல்லியமாக ஒரே அளவு நேரம் நின்றது. நொடிக்கு எத்தனை படம் என்பதைக் கண் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஒன்று கூடுதலாகவும் அடுத்தது குறைவாகவும் நின்றால் அதை உடனே பிடித்துவிடும். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் பெருக்கல் வகுத்தல்தான்.

டிவி வந்தபோது எண் மாறியது. ஆரம்ப காலத்துப் பெட்டிகளில் மின்சார ஓட்டத்தின் அதிர்வு படத்துக்குள் கசியும். டிவியின் வேகமும் மின்சாரத்தின் வேகமும் வேறு வேறாக இருந்தால் திரையில் ஒரு நிழற்பட்டை மேலும் கீழும் உருளும். ஒன்றாக வைத்துவிட்டால் பட்டை அசையாது. அதனால் எந்த நாட்டில் எந்த மின்சாரமோ அந்த வேகத்தில் டிவி. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஐரோப்பாவிலும் நம்மிடமும் 50. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபோதும், 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணம் வந்தபோதும், பிற்பாடு எச்டி வந்தபோதும், இந்த ஐம்பது மாறவில்லை. நொடிக்கு 25 முழுப்படம், அல்லது 50 அரைப்படம். இன்றைக்கும் சீரியலும் செய்தியும் கிரிக்கெட்டும் இந்தக் கணக்கில்தான் தயாராகின்றன.

ஒரு கிளைக்கதை. 24 கணக்கில் எடுத்த சினிமாவை 25 கணக்கில் ஓடும் டிவியில் எப்படிக் காட்டுவது? சுலபமான வழி, வேகத்தைக் கொஞ்சம் கூட்டி ஓட்டிவிடுவது. நம்மைப் போன்ற ஐம்பது ஹெர்ட்ஸ் நாடுகளில் அதுதான் வழக்கம். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடியும். சுருதி முக்கால் சுரத்தானத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேலே ஏறும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவே கூடி ஒரே வீட்டில் படம் பார்த்த காலத்தில் டி.எம்.எஸ். குரல் கொட்டகையில் கேட்டதைவிடச் சற்றே மேல்சுருதியில் ஒலித்திருக்கும். யாரும் புகார் சொன்னதாக நான் கேட்டதில்லை. படம் சீராக இருந்ததே, அது போதுமாக இருந்தது.

அமெரிக்காவில் வேறு சிக்கல். 1953-இல் வண்ணம் சேர்க்கும்போது, வண்ணத்துக்கான அலையும் ஒலிக்கான அலையும் மோதக்கூடாது என்று 60-ஐ ஆயிரத்தில் ஒரு பங்கு போலக் குறைத்து 59.94 ஆக்கினார்கள். அதன் வால் பிடித்து அங்கே டிவிக்குப் போன சினிமா 24 ஆக இல்லாமல் 23.976 ஆனது. இன்றைக்கு எல்லாமே டிஜிட்டல். மோத அலையும் இல்லை. ஆனாலும் அந்தத் தசமப் புள்ளி மட்டும் போகவில்லை. அமெரிக்கத் தொடர் ஒன்றை 24-க்கென்று திட்டமாக அமைந்த திரையில் ஓட்டினால் ஏறக்குறைய 42 நொடிக்கு ஒருமுறை ஒரே ஒரு படம் இரட்டித்து, ஒரு சின்ன விக்கல் விழும். எழுபது வருடத்துக்கு முந்தைய ஒரு சமரசம் செல்லூரில் ஒரு வீட்டு ஹாலில் விக்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது நாம் டிவியில் சொருகும் ஸ்டிக்குக்கு வருவோம். குரோம்காஸ்ட் இந்தியாவுக்கு 2014 கடைசியில் வந்தது, ஃபயர் டிவி ஸ்டிக் 2017-இல். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை டிவியோடு சேர்ந்ததும் அறுபதில் போய் உட்கார்ந்துகொள்ளும். மெனு, ஐகான், எல்லாம் அறுபதில். அதற்குள் நாம் ஐம்பதை ஊற்றுகிறோம். ஐம்பது படத்தை அறுபது இடத்தில் நிரப்ப வேண்டும். ஒரே வழிதான். ஐந்து படத்துக்கு ஒன்றை இரண்டு முறை காட்டுவது. நொடிக்குப் பத்து இரட்டிப்பு. கிரிக்கெட்டில் பந்து எல்லைக் கோட்டை நோக்கி உருளும்போது கேமரா அதைத் தொடர்ந்து ஓடுமே, அப்போது புல்தரை நடுங்குவது இதனால்தான். சீரியல் 25 என்றால் இன்னும் மோசம். ஒரு படத்துக்கு 2.4 இடம் என்று வரும், அரைகுறை இடம் கிடையாது என்பதால் சிலவற்றை இரண்டு முறையும் சிலவற்றை மூன்று முறையும் மாற்றி மாற்றிக் காட்டும். சினிமாவின் 24-க்கும் அதே இரண்டு, மூன்று. நாடகக் காட்சியில் இரண்டு பேர் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. செய்தியின் அடிவரி ஓடினால் உடனே தெரியும்.

இதில் வீட்டுக்காரரைத் திசைதிருப்பும் ஒரு விஷயம் இருக்கிறது. அதே சேனலை அதே டிவியில் பழைய கேபிள் செட்டாப் பாக்ஸ் வழியாகப் பார்த்தால் எழுத்து வழுக்கிக்கொண்டு ஓடும். காரணம், நம் நாட்டு செட்டாப் பாக்ஸ்கள் டிவிக்கு ஐம்பதையே அனுப்புகின்றன. ஆப் வழியாகப் பார்த்தால் உதறுகிறது. கேபிள் நன்றாக இருக்கிறது, நெட் மோசம் என்ற முடிவுக்கு எந்த மனிதனும் வருவான். அவர் பார்த்தது சரி, முடிவுதான் தவறு. இருநூறு எம்பிபிஎஸ் என்ன, ஆயிரம் எம்பிபிஎஸ் வாங்கினாலும் ஐம்பது அறுபதாகாது.

என்ன செய்வது? ஸ்டிக்கின் டிஸ்ப்ளே அமைப்புகளுக்குள் போனால் படத்தின் ஃபிரேம் ரேட்டோடு திரையை ஒத்துப்போகச் சொல்லும் ஒரு பொத்தான் பல கருவிகளில் இருக்கிறது. ஃபயர் டிவியில் இருக்கிறது, ஆப்பிள் டிவியில் இருக்கிறது, புதிய ஆண்ட்ராய்டு டிவிகளிலும் இருக்கிறது. கடையிலிருந்து வரும்போது அது பெரும்பாலும் அணைந்தே இருக்கும். போட்டுவிடுங்கள். போட்டபின் ஒவ்வொரு படம் தொடங்கும்போதும் திரை ஓரிரு நொடி கறுத்துத் திரும்பும், பயப்பட வேண்டாம். எல்லா ஆப்பும் இந்தப் பேச்சைக் கேட்பதில்லை என்பது உண்மை. கேட்காத ஆப்பில் பெரும்பாலும் கிரிக்கெட்டும் சீரியலுமே பார்க்கிறீர்கள் என்றால், திரையைக் கையாலேயே 50 ஹெர்ட்ஸில் நிறுத்திவிடலாம். நம் ஊரில் விற்கும் டிவிகள் எல்லாம் ஐம்பதை ஏற்கும். இது இலவசம். கேபிள்காரரையோ கம்பெனியையோ கூப்பிட வேண்டியதில்லை. இதைச் சொல்வதால் யாருக்கும் வருமானம் இல்லை, அதனால்தான் யாரும் சொல்வதில்லை என்பது என் அபிப்பிராயம்.

டிவியிலேயே 'மோஷன்' என்று ஒரு அமைப்பு இருக்கும், அது இல்லாத படங்களைத் தானே கற்பனை செய்து இடையில் நுழைக்கும். உதறல் போய்விடும். கூடவே மணிரத்னம் படமும் கல்யாண வீடியோ போல ஆகிவிடும். அவரவர் விருப்பம்.

அடுத்தது பெட்டியின் திணறல். இதில் மதுரைக்கென்று ஒரு தனிக் காரணம் உண்டு, அது வெயில். இத்தகைய கருவிகள் பலவற்றின் கையேட்டில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறையில் பயன்படுத்தவும். ஏப்ரல், மே மாதங்களில் இந்த ஊரில் வெளியே 40 டிகிரியைத் தொடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள ஹாலில் இரவு எட்டு மணிக்கும் கான்கிரீட் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். எட்டு மணிதான் சீரியல் நேரம், ஐபிஎல் நேரம். சுவரோடு ஒட்டி மாட்டிய டிவி, அதன் முதுகில் காற்றே போகாத இடுக்கில் ஸ்டிக். டிவியின் சூடும் சேர்ந்துகொள்ளும். உள்ளே இருக்கும் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடி அதன் பிறகு தாவத் தொடங்கும் படம் என்றால் சந்தேகமே வேண்டாம், கையை வைத்துப் பாருங்கள், சுடும். ஃபயர் டிவி ஸ்டிக் பெட்டிக்குள் ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயர் வருமே, பலரும் அதை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். அதை மாட்டினால் ஸ்டிக் டிவியின் முதுகை விட்டுத் தள்ளி, காற்றில் தொங்கும். வைஃபை சிக்னலும் கொஞ்சம் கூடும்.

அதோடு இன்னொரு பழக்கம். பிளக் பாயின்ட் எட்டவில்லை என்று ஸ்டிக்கின் மின்சார ஒயரை டிவியின் யுஎஸ்பி துளையிலேயே சொருகிவிடுவது. சாதாரண யுஎஸ்பி 2.0 துளை கொடுக்க ஒப்புக்கொண்டது 2.5 வாட். ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் 5 வாட். பாதிச் சாப்பாட்டில் முழு வேலை கேட்கிறோம். ரூட்டர் அடாப்டரும் வெயிலுக்குத் தப்பாது. அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் பத்து டிகிரி கூடினால் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் பொதுக் கணக்கு. சாயங்காலமானால் ரூட்டர் தானாக அணைந்து எரிகிறது என்றால் "அடாப்டர் வீக்" என்று மெக்கானிக் சொல்வதை நம்புங்கள். அவர் ஏமாற்றவில்லை.

பழைய பெட்டிகளுக்கு இன்னொரு சங்கடம். வீடியோவைச் சுருக்கி அனுப்பும் முறைகள் மாறிக்கொண்டே வருகின்றன. 2003-இல் எச்.264, 2013-இல் எச்இவிசி, 2018-இல் ஏவி1. புதிய முறை குறைந்த டேட்டாவில் நல்ல படம் தரும். ஆனால் அதைப் பிரிக்கத் தனிச் சுற்று சிப்பிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொதுவான பிராசஸர் மூச்சு முட்டிப் பிரிக்கும், பிறகு சூடாகும், பிறகு மேலே சொன்ன கதைதான்.

மீதியிருப்பது வரத்து. வட்டம் சுற்றுகிற வகை. கம்பியில் நூறு வந்தாலும், ரூட்டருக்கும் டிவிக்கும் நடுவே அது தொலையலாம். கோயிலைச் சுற்றிய வீதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி, இவற்றுக்கு இடையில் சந்து சந்தாக வீடுகள். அகலம் குறைவு, நீளம் அதிகம், மூன்று நான்கு மாடி, ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். பழைய வைஃபை ஓடும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத வழித்தடம் மூன்றுதான்: 1, 6, 11. ஹாலில் நின்று போனில் தேடினால் இருபது முப்பது ரூட்டர் பெயர் வரிசையாக வரும். அத்தனையும் அந்த மூன்றுக்குள் முட்டிக்கொள்கின்றன. இரவு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் டிவி.

5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம். 2018 அக்டோபரில் மத்திய அரசு அந்த அலைவரிசையில் பெரும் பகுதியை உரிமமில்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. "அது சுவரைத் தாண்டாதே சார்" என்பார்கள். தாண்டாதுதான். சந்து வீட்டுக்காரருக்கு அதுவே லாபம், பக்கத்து வீட்டு அலையும் உங்கள் சுவரைத் தாண்டி உள்ளே வராது. ரூட்டரும் டிவியும் ஒரே அறையில் இருந்தால் ஸ்டிக்கை 5-க்கு மாற்றிவிடுங்கள். வேறு அறை என்றால் சுவரோரமாக ஒரு லேன் ஒயர் இழுத்துவிடுங்கள், அதைவிட உறுதியானது இன்னும் வரவில்லை. ரூட்டரை மட்டும் இரும்பு பீரோவின் தலையில் ஏற்றாதீர்கள்.

ஊருக்கு வெளியே, மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கம் போனால் பக்கத்து வீட்டு அலை தொல்லை இல்லை. அங்கே தொல்லை கம்பத்தில். வயல் ஓரமாகக் கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிட்ட ஃபைபர், அதை அணில் கடிக்கும், காற்றில் ஆடி உராயும், சாலைக்கு மண் தோண்டும் ஜேசிபி இழுத்துவிடும். கண்ணாடி இழையின் ஒளி போகும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு போல. வீட்டுக்குள் ஆணியில் சுருட்டி இறுக்கிக் கட்டினாலும் அந்த வளைவில் ஒளி கசிந்துவிடும். முழுக்க அறுந்தால் வீட்டிலுள்ள ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கும். பாதி கசிந்தால் விளக்கு பச்சையாகவே இருக்கும், படம் மட்டும் மழை நாளில் சுற்றும். அப்போது ஆப்டிகல் பவர் எவ்வளவு என்று கேபிள்காரரிடம் கேளுங்கள். பொதுவாக மைனஸ் 27-க்குக் கீழே இறங்கினால் பெட்டிக்குக் கண் தெரியாது. இந்த ஒரு கேள்வி கேட்டால் அவர் உங்களை வேறு மாதிரி மரியாதையோடு பார்ப்பார்.

கடைசியாக நேரலை. 2020 சித்திரைத் திருவிழா நினைவிருக்கும். ஊரடங்கு. அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மே 4-ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் கோயிலுக்குள்ளேயே நடந்தது, இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். சுவாமி தாலி கட்டும் அந்தக் கணத்தில் பெண்கள் தாலிச்சரடை மாற்றிக்கொள்வது இந்த ஊர் வழக்கம். அந்த வருடம் வீட்டில், திரைக்கு முன்னால் மாற்றினார்கள். இணைய நேரலையில் அந்தக் கணம் எல்லா வீட்டுக்கும் ஒரே கணமாகப் போய்ச் சேராது. வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டித்தான் அனுப்புகிறார்கள். 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த முறையில் துண்டுக்குப் பத்து நொடி, பிறகு ஆறு என்று பரிந்துரைத்தார்கள். இரண்டு மூன்று துண்டு கையில் சேர்ந்த பிறகுதான் பெட்டி காட்டத் தொடங்கும். கார்ப்பரேஷன் தண்ணீர் வருவதும் நிற்பதுமாக இருந்தாலும் கீழ்த்தொட்டியில் இருப்பு இருந்தால் குழாயில் ஒழுங்காக வருகிறதல்லவா, அதற்காகத்தான் இந்தச் சேமிப்பு. ஆனால் இருபது நொடி சேமித்தால் இருபது நொடி தாமதம். ஒரு வீட்டில் தாலி ஏறிவிட்டது, எதிர் வீட்டில் இன்னும் மந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்.

1982 பிப்ரவரியில் இலங்கை ரூபவாகினி தொடங்கியதும் தென்மாவட்டங்களில் உயரக் கம்பம் நட்டு, பூஸ்டர் வைத்து, புள்ளி புள்ளியாகப் படம் பார்த்தோம். புள்ளி விழும், நிழல் விழும், படம் நிற்காது. எல்லா வீட்டிலும் ஒரே நொடியில் ஒரே காட்சி. அங்கே சேமிப்பே கிடையாது, வந்ததை வந்தபடி காட்டியது. இன்று படம் தெளிவு, கணம்தான் சிதறிவிட்டது. தாமதத்தைக் குறைக்கச் சேமிப்பைக் குறைத்தால் சிறிய தடங்கலுக்கே வட்டம் சுற்றும். இரண்டையும் ஒருசேரப் பெற இன்னும் முட்டிமோதிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் சிக்ஸர் சத்தம் கேட்டபின் நம் டிவியில் பௌலர் ஓடிவருகிறார் என்றால், உங்கள் பெட்டி அதிகம் சேமித்து வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், எரிச்சல்பட வேண்டாம்.

சில நேரம் கோளாறு உண்மையிலேயே அந்தப் பக்கம்தான். 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி இணைப்புகளில் பார்த்தார்கள், அது தாங்கியது. அடுத்த ஆண்டு நவம்பரில் மைக் டைசன், ஜேக் பால் குத்துச்சண்டையை நெட்ஃப்ளிக்ஸ் காட்டியபோது அமெரிக்காவிலேயே பலருக்கு வட்டம் சுற்றியது. அப்படிப்பட்ட இரவில் ரூட்டரை அணைத்துப் போட்டுப் பயனில்லை.

உரை முடிந்தபின் ஒரு நண்பர் கேட்டார்: "கடையில 120 ஹெர்ட்ஸ் டிவின்னு சொல்றாங்க, அதை வாங்கிட்டா இந்த ஐம்பது அறுபது தொல்லையே இருக்காதுல்ல?" பாதி சரி. 120-ஐ 24 ஆல் வகுத்தால் ஐந்து, 30 ஆல் வகுத்தால் நான்கு, 60 ஆல் வகுத்தால் இரண்டு. ஆகவே சினிமா சீராகிவிடும், போனில் எடுத்த வீடியோவும் சீராகிவிடும். ஆனால் 50 ஆல் வகுத்துப் பாருங்கள், மறுபடி 2.4. ஸ்டிக் ஐம்பதாகவே அனுப்பினால் அந்த டிவி தன்னை 100-க்கு மாற்றிக்கொள்ளும், அப்போது சீரியலும் கிரிக்கெட்டும் சரியாகும். ஸ்டிக் அறுபதிலேயே நின்றால் புது டிவியிலும் செய்தியின் அடிவரி உதறும். வாங்குவதற்கு முன் இப்போதிருக்கும் டிவியில் அந்த ஃபிரேம் ரேட் பொத்தானைப் போட்டு ஒரு வாரம் பார்க்கச் சொன்னேன்.